கயிறு பிடிக்கிறவர் சொன்ன பொய்

வில்பிரட்டுக்குத் தரையில் இருப்புக்கொள்ளாது. கோயிலில் பிரசங்கம் தொடங்கினால் வாசலுக்குப் போய்விடுவார். கல்யாண வீட்டில் இலை போட்டு உட்காரவைத்தால் ரசம் வருவதற்குள் எழுந்து கை கழுவிவிடுவார். சலூனில் பாதி முடி வெட்டியதும் எழுந்துபோய்த் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபாதிக்குத் தலையைக் கொடுப்பார் என்று அவருடைய கடற்கரை ஊரான திரேஸ்புரத்தில் சொல்வார்கள். அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ஊர் ஒருவரைப் பற்றிக் கூட்டிச் சொல்கிறது என்றால் அடியில் கொஞ்சமாவது சரக்கு இருக்கும்.

அதே மனிதரை வள்ளத்தில் பார்க்க வேண்டும். தங்கை ஜெனோவாவின் புருஷன் பெனிஸ்டன் சங்கு எடுக்கக் கடலுக்குள் இறங்கிவிட்டால் வில்பிரட் அசைய மாட்டார். பக்கத்தில் கம்பிரசர் தடதடத்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து போகிற ரப்பர் குழாயில்தான் கீழே இருப்பவனுக்கு மூச்சு. குழாயோடு ஒரு கயிறும் போகும். அது பெனிஸ்டனின் இடுப்பில் கட்டியிருக்கும். மறுமுனை வில்பிரட்டின் விரல்களுக்குள். வெற்றிலை போட மாட்டார், பேச்சுக் கொடுக்க மாட்டார், ஒன்றுக்குக்கூடப் போக மாட்டார். கீழே இருப்பவன் எந்தப் பக்கம் திரும்புகிறான், கடலடிப் பாறையான பாரின் இடுக்கில் கையை விடுகிறானா, களைத்துவிட்டானா என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியும்.

கயிற்றைப் பிடிக்கிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது முத்துக்குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் உள்ள வழக்கம். சொந்த அண்ணன் தம்பியிடம் கொடுக்கக் கூடாதாம். பங்காளிக்குப் பங்கு கூடுமே என்ற நினைப்பு எப்போதாவது வந்து தொலைக்கலாம். மச்சினனுக்கு அது வராது. கயிறு நழுவினால் தாலி இழப்பது அவன் கூடப்பிறந்தவள். மனிதர்களை நன்றாகத் தெரிந்த எவனோ ஒருவன்தான் இதை ஏற்படுத்தியிருக்க வேண்டும். மற்ற ஊர்களில் மாப்பிள்ளைக்கும் மச்சினனுக்கும் மனத்தாங்கல் வந்தால் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இவர்கள் இருவருக்கும் அந்தச் சௌகரியம் கிடையாது. ராத்திரி சண்டை போட்டாலும் விடிந்தால் கயிற்றின் இரண்டு முனையிலும் இருந்தாக வேண்டும்.

வில்பிரட்டும் ஒரு காலத்தில் இறங்கினவர்தான். இளவயதில் சளியோடு இறங்கி இடது காதின் சவ்வு கிழிந்ததோடு அது முடிந்தது. ஜெனோவாவைக் கட்டிக்கொடுத்த பிறகு கயிறு அவர் கைக்கு வந்தது. வந்த கொஞ்ச காலத்தில் ராயப்பன் செத்தான்.

ராயப்பன் பெனிஸ்டனோடு சேர்ந்து தொழில் படித்தவன். பக்கத்து வள்ளத்தில் இறங்கினான். நல்ல சங்கு கிடந்ததென்று ஆழத்திலேயே நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான். பீடி கேட்டான். அதைப் பற்றவைப்பதற்குள் கால் மரத்துப்போகிறது என்றான். கரை சேருவதற்குள் பேச்சும் நின்றுவிட்டது. உடம்புக்குள் காற்று நின்றுவிட்டது என்று கரையில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வில்பிரட் யார் சொன்னாலும் கேட்பதில்லை. இழுக்க வேண்டிய நேரம் வந்தால் இழுப்பார். மெதுவாக, நடுவழியில் நிறுத்தி நிறுத்தி இழுப்பார்.

"இன்னும் ரெண்டு சங்கு கண்ணு முன்னால கெடந்துச்சு மச்சான். ஒரு நிமிசம் பொறுத்தா என்ன?" என்று மேலே வந்ததும் பெனிஸ்டன் கத்துவான்.

"கெடந்தா கெடக்கட்டும்லே. அது எங்கயும் ஓடிராது."

கீழே நிறையக் கிடக்கிறது, இறங்கு என்று அவனை ஒருநாளும் அவர் ஏவியதில்லை. தண்ணீர் கலங்கல் என்றால் கலங்கல் என்பார். நீரோட்டம் இழுக்கிறது என்றால் இழுக்கிறது என்பார். பொய் சொல்லத் தெரியாது என்பதல்ல. கடைக்காரரிடமும் பாதிரியாரிடமும் தேவைக்குச் சொல்லிக்கொள்வார். கயிறு விஷயத்தில் மட்டும் கிடையாது.

பெனிஸ்டனுக்கு நோய் இருப்பது அவன் நல்ல காரியம் செய்யப் போன இடத்தில் தெரிந்தது. சங்குக் கடை லிங்கராஜ் அண்ணாச்சியின் மகளுக்குப் பிரசவத்தில் இரத்தம் வேண்டும் என்றதும் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினான். இந்த இரத்தம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஈரலைக் கெடுக்கிற மஞ்சள்காமாலைக் கிருமி அதில் இருந்தது. எத்தனை காலமாக இருந்ததோ, யாருக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலின் வலப்பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அடுத்த ஸ்கேனில் அது புற்று என்று உறுதியாயிற்று. வலி இல்லை, வாந்தி இல்லை, சாப்பாட்டில் ஒரு கவளம் குறையவில்லை. மனுசன் கல்லு மாதிரி இருக்கிறானே என்று ஜெனோவா சொல்லிச் சொல்லி அழுதாள்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் ஷாம் நாசரேத்துக்காரர், ஈரல் வேலையில் பெயர் எடுத்தவர். பேச்சில் ஊர்வாடை மாறாதவர். தாளில் ஒரு ஈரலை வரைந்து காட்டினார்.

"கட்டியோட சேத்து இந்தப் பாகத்த எடுத்துரணும். மிச்ச ஈரல் போதும், தாங்கிக்கிடும். வயித்த அகலமாக் கிழிக்க வேண்டாம். அஞ்சாறு சின்ன ஓட்ட போட்டு, ஒண்ணுல கேமராவ விட்டு, டிவியப் பாத்துக்கிட்டே செய்வோம். வெட்டினத ஒரு பையில போட்டு அடிவயித்துல சின்னக் கீறல் வழியா வெளிய எடுத்துருவோம்."

"பெரிசாக் கிழிச்சாத்தான சார் நல்லாத் தெரியும்?" என்றாள் ஜெனோவா.

"கேமராவுல இன்னும் பெரிசாத் தெரியும்மா. ரத்தம் கொறைவாப் போகும், வலி கொறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம். இவரு கட்டி மாதிரி கட்டிக்கு, புத்து திரும்ப வாரதப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். இன்னொண்ணு இருக்கு. கிருமியால இவரு ஈரல் கொஞ்சம் தழும்பேறிக் கெடக்கு. பெரிய கீறல் போட்டா வயித்துல தண்ணி கோத்துக்கிடும், தேறி வர நாளாகும். அதனாலதான் சொல்லுதேன். நடுவுல ரத்தக்குழாய் ஏதும் தொந்தரவு குடுத்தா கிழிச்சுத்தான் முடிப்போம். அதத் தோல்வின்னு நெனைக்கக் கூடாது."

மூவரும் தலையாட்டினார்கள். அதோடு பேச்சை முடித்திருந்தால் அன்றைக்கே நாள் குறித்துவிட்டு வந்திருக்கலாம். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ரகம்.

"கருவிய ஆட்ட உள்ள எடம் வேணும்லா? அதுக்குக் கேஸ் ஏத்தி வயித்த உப்ப வச்சுக்கிடுவோம்."

"என்ன ஏத்துவீங்க?" என்று பெனிஸ்டன் கேட்டான்.

"கேஸ். கார்பன் டை ஆக்சைடு."

பெனிஸ்டன் எழுந்துவிட்டான். கிழித்தே செய்ய முடியுமா என்று நின்றபடி கேட்டான். முடியும், ஆனால் உங்கள் ஈரலுக்கு அது கஷ்டம், சதையெல்லாம் அறுபடும், கடலுக்குப் போவதை ரொம்ப காலத்துக்கு மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். "அப்பம் ரெண்டும் வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

பஸ்ஸில் வில்பிரட் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். பெனிஸ்டன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்: "ராயப்பன் என்ன ஆனாம்னு நீரு பாத்தீர்லா?"

"பாத்தேன்."

"பொறவு என்ன பேசுதீரு?"

வில்பிரட் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார். கேஸ் என்ற வார்த்தை அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறவன் உடம்பில் வெளியிலிருந்து காற்றை ஏற்றுவது என்பது அவருக்குத் தெரிந்த உலகத்தில் கொலைக்குச் சமானம்.

அடுத்து வந்த வாரங்களில் வில்பிரட் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார். காலையில் பழைய துறைமுகம் வரை நடப்பார், வெயில் ஏறியதும் திரும்புவார், சோற்றில் கை வைத்துவிட்டு மறுபடியும் தங்கை வீட்டுக்குப் போவார். அங்கே பெனிஸ்டன் கவலையில்லாதவன் போல, கடலுக்குள் போட்டுக்கொள்ளும் முகமூடியின் ரப்பரைத் துடைத்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்க முடியாமல் வந்த வழியே திரும்பிவிடுவார். உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு மனிதன் சும்மா இருப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதைவிட, கடலில் புயலைப் பார்க்கலாம்.

டாக்டர் ஷாம் போனில் ஜெனோவாவிடம் சொல்லிவிட்டார். இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது, வெட்டி எடுக்கலாம். இரத்தக்குழாய்க்குள் தலையை நீட்டிவிட்டால் பிறகு கத்திக்கு வேலை இல்லை. மழைக்காலத்துக்குள் முடிவு பண்ணுங்கள்.

ஜெனோவா அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நீ சொன்னா அவுக கேப்பாவ."

"நான் என்னத்தளா சொல்ல? எனக்கே பயமா இருக்கு."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இத்தன வருசமா அவுக உயிரு ஒன் கையிலதான் கெடக்கு. இப்பம் தரைக்கு வந்ததும் கைய விரிக்கியா?"

சுருக்கென்று தைத்தது. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் பஸ் ஏறினார்.

டாக்டர் ஷாம் ஆப்பரேசன் தியேட்டரில் இருந்தார். கேஸ் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் மயக்க மருந்து டாக்டர் ஜெப்ஸியைப் பாருங்கள் என்று ஒரு நர்ஸ் கைகாட்டினாள். ஜெப்ஸி வராந்தாவில் ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பச்சை உடை, காலில் ரப்பர் செருப்பு.

"நீங்கதான் கேஸ் ஏத்துறதா?"

"இல்ல அண்ணாச்சி. அது சர்ஜன் பக்கம். நான் மயக்கம் குடுத்துட்டு மூச்சு, நாடி, ரத்தம் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்."

"முடியிற வரைக்குமா? நடுவுல எந்திரிக்க மாட்டீங்களே?"

"எதுக்கு எந்திரிக்கணும்?"

அந்தப் பதில் வில்பிரட்டுக்குப் பிடித்திருந்தது. ராயப்பன் கதையைச் சொன்னார். அதெல்லாம் வேறு, இதெல்லாம் வேறு என்று கையை வீசித் தள்ளிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டீ கிளாசை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"ஒங்க பயம் சும்மா இல்ல. அவருக்கு நின்னது சாதாரணக் காத்துல உள்ள நைட்ரஜன். ஆழத்துல ரத்தத்துல கரைஞ்சிருக்கும், சட்டுனு மேல வந்தா குமிழியாயிரும். நாங்க ஏத்துறது அது இல்ல. இது ரத்தத்துல சீக்கிரம் கரைஞ்சு மூச்சு வழியா வெளிய போயிரும். அதுக்காகத்தான் இத எடுத்துக்கிடுதோம். ஆனா ஈரல வெட்டும்போது பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு வாய் தொறந்துட்டுன்னா, இதுவும் உள்ள போகலாம். கொஞ்சமாப் போனா தானா சரியாயிரும். மொத்தமாப் போறது ரொம்ப அபூர்வம். போனா ஆபத்துதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"போனா ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு வெளிய விடுற மூச்ச மிஷின் அளந்துக்கிட்டே இருக்கும். அந்த எண் பொசுக்குனு எறங்கும். எறங்கினா நிறுத்தச் சொல்லிருவேன்."

"டாக்டர் நிறுத்தலன்னா? இன்னும் கொஞ்சம்தான் கெடக்கு, முடிச்சிருதேன்னு சொன்னா?"

"நான் சொன்னா நிறுத்தித்தான் ஆகணும்."

வில்பிரட் தனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட கேள்வியைக் கேட்டார். "டாக்டர் ஷாமும் நீங்களும் சொந்தமா?"

"என்னது?"

அவர் கயிறு பிடிக்கிற முறையை விளக்கினார். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், அந்நியன் கையில் கொடுப்பதில்லை என்றார். ஜெப்ஸி சிரித்த சிரிப்பில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "அவரு நாசரேத்து, நான் சாத்தான்குளம். அவரு கல்யாணத்துக்குக்கூட நான் போகல அண்ணாச்சி."

"அப்பம் அவனுக்கு ஒண்ணுன்னா ஒங்களுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் வார்த்தையின் கூர்மை அவருக்கே தெரிந்தது. அவள் சிரிப்பை நிறுத்தினாள். "படுத்தவரு எந்திரிக்கலன்னா எனக்குச் சோறு எறங்காது. அதுக்குச் சொந்தம் வேணுமா?"

வேண்டாம் என்று வில்பிரட்டுக்குப் புரிந்தது. அவளை அவர் நம்பிவிட்டார். உள்ளே ஒரு ஓரமாகத் தானும் நின்றுகொள்ளலாமா என்று மட்டும் கடைசியாகக் கேட்டார். ஒரு இடத்தில் கால் தரிக்காத மனிதர் ஓரமாக நிற்கிறேன் என்று கெஞ்சியதை ஊரில் யாராவது பார்த்திருக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆனால் தான் நம்பினால் போதுமா? பெனிஸ்டனிடம் போய், யாரோ ஒரு சாத்தான்குளத்து அம்மா, நம் மாதா கோயில் இல்லாமல் சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவள், கேஸ் உள்ளே போகலாம் என்றும் சொல்கிறாள், நீ போய்ப் படு என்றால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவான். திரும்பும் பஸ் எட்டயபுரம் தாண்டும்போது வில்பிரட்டின் மனதில் பொய் தயாராகிவிட்டது.

அன்று சாயங்காலம் பெனிஸ்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜெனோவா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, அந்த ஆஸ்பத்திரியில மயக்கம் குடுக்கிற டாக்டரம்மா யாருன்னு நெனைக்க? நம்ம புன்னைக்காயல் சூசை சித்தப்பா மவ. ஜெப்ஸி. ஜெனோவாவுக்கு அக்கா முறை."

ஜெனோவாவின் அகப்பை நடுவில் நின்றது. சூசை சித்தப்பாவுக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். மூவரில் ஒருத்தனும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழம்பை ஊற்றி முடித்தாள்.

"ஆமா, ஜெப்ஸி அக்கா மதுரையிலதான் இருக்கான்னு சித்தி சொன்னாவ" என்றாள்.

பெனிஸ்டன் மீனில் முள் எடுத்தபடி கேட்டான்: "நம்ம ஆளா?"

"நம்ம ஆளு. கடைசி வரைக்கும் அவதான் பக்கத்துல ஒக்காந்து பாப்பா. அவ நிறுத்துன்னா டாக்டர் நிறுத்தித்தான் ஆகணும். நான் கேட்டுட்டேன்."

"ஒடம்புக்குள்ள காத்து போகாதா?"

"போகாது."

"போகவே போகாதா?"

"போகவே போகாதுலே."

பெனிஸ்டன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துவிட்டு, "சரி, நாள் கேளும்" என்றான்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு வில்பிரட் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு டாக்டர் ஜெப்ஸி பெனிஸ்டனைச் சோதிக்க வார்டுக்கு வந்தாள். வில்பிரட் மருந்து வாங்குகிற சாக்கில் கீழே ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள். பெனிஸ்டன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அறுவையின்போது தியேட்டர் வாசலில் ஜெனோவா செபமாலையோடு உட்கார்ந்தாள். வில்பிரட் நடந்தார். காவலாளி இரண்டு தடவை அதட்டினான். மூன்றாவது தடவை அவனுக்கே பாவமாகப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் பெனிஸ்டன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும்போது வில்பிரட்டின் கை வெறுமையாக இருந்ததே இல்லை. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே அவன் திரும்புகிறானா, களைக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை. மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் செபம் ஓடவில்லை.

மத்தியானம் கதவு திறந்து ஒரு நர்ஸ் வந்தாள். "பெனிஸ்டன் வீட்டு ஆளு யாரு?"

இருவரும் ஓடினார்கள்.

"நடுவுல ஒரு பிரச்சினை. ரத்தக்குழாய்ல கேஸ் உள்ள போயிட்டு. கேஸ நிறுத்தியாச்சு, இப்பம் நிலைமை கட்டுக்குள்ள இருக்கு. வயித்தத் தொறந்து மிச்சத்த முடிக்கப் போறாங்க. டாக்டர் சொல்லிட்டு வரச் சொன்னாங்க." கதவு மூடிக்கொண்டது.

கட்டுக்குள் இருக்கிறது என்று அவள் சொன்னது வில்பிரட்டின் காதில் விழவே இல்லை. கேஸ் உள்ளே போய்விட்டது என்பது மட்டும்தான் விழுந்தது. பீடி கேட்ட ராயப்பனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஜெனோவா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "போகவே போகாதுன்னு சொன்னியேண்ணே! போகவே போகாதுன்னியே!"

"நான் கொன்னுட்டேன் ஏளா" என்றார் வில்பிரட். "நானே அனுப்பிக் கொன்னுட்டேன்."

சந்தேகம் என்றால் இழுத்துவிடுகிறவர், சந்தேகத்தோடே அவனை உள்ளே அனுப்பியிருக்கிறார். அதுவும் பொய் சொல்லி. வாழ்நாள் முழுவதும் காப்பாற்றிய ஒன்றை ஒரு சோற்று வேளையில் விற்றுவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. கதவில் போய் முட்டினார். காவலாளி இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தான். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஜெனோவா அண்ணனை அடித்தாள், பிறகு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் டாக்டர் ஷாம் வந்தார். தொப்பியைக் கழற்றியபோது தலைமுடி நனைந்திருந்தது.

"உயிருக்கு ஆபத்தில்ல. மொதல்ல அதக் கேட்டுக்கிடுங்க" என்றார். "கட்டி முழுசா வந்துட்டு. வெட்டி முடிக்க விரக்கடைதான் பாக்கி இருந்துச்சு, அப்பம் பின்னால ஒரு ரத்தக்குழாய் கிழிஞ்சிட்டு. எண் எறங்கினதும் டாக்டர் ஜெப்ஸி நிறுத்துன்னு சத்தம் போட்டாங்க. கண்ணு முன்னால முடியப் போற வேல. ஆனா நிறுத்திட்டேன். கேஸ வெளிய விட்டு, அவர எடது பக்கமா சாச்சு, தலைய எறக்கி வச்சோம். கொஞ்ச நேரத்துல எண் ஏறிட்டு. அதுக்கு மேல கேஸ் வேண்டாம்னு கிழிச்சு முடிச்சோம். கிழிக்க வேண்டி வந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா அந்த நேரத்துக்கு அதுதான் சரி."

வில்பிரட் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். விடத் தெரியவில்லை. ஜெனோவாதான் பிரித்துவிட்டாள்.

கேஸும் வேண்டாம் கீறலும் வேண்டாம் என்றவனுக்குக் கடைசியில் இரண்டும் கிடைத்தது. டாக்டர் பயந்தபடி வயிற்றில் தண்ணீர் கோத்தது. குழாய் வைத்து எடுத்தார்கள். மற்றவர்கள் நடந்து வீட்டுக்குப் போகிற நாளில் இவன் படுக்கையில் ஒருக்களிக்கவே பாடுபட்டான். ஆனால் கண் தெளிந்தது, பசி வந்தது, குணமும் பழையபடி திரும்பியது. கஞ்சியில் உப்பில்லை என்று ஜெனோவாவிடம் சண்டை போட்டான். வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை என்று முடிவு வந்தது. கிருமிக்கு மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும், சில மாதங்களுக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்க வேண்டும், ஈரலின் வேறு பக்கத்தில் வராது என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் டாக்டர் சொன்னார். ஆகவே நிம்மதி என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. உயிர் இருக்கிறது, அவ்வளவுதான்.

வில்பிரட் அவனோடு தனியாக இருக்காமல் பார்த்துக்கொண்டார். யாராவது உடன் இருந்தால் வருவார், ஆள் நகர்ந்தால் மருந்து, டீ, போன் என்று எதையாவது சொல்லிக்கொண்டு தானும் நகர்வார். ஒருநாள் ஜெனோவா கஞ்சி வாங்கக் கீழே போனபோது மாட்டிக்கொண்டார். எழப் போனவரின் மணிக்கட்டைப் பெனிஸ்டன் பிடித்துக்கொண்டான். பிடியில் பலமே இல்லை. ஆனாலும் அவரால் உருவிக்கொள்ள முடியவில்லை.

"மச்சான், அந்த டாக்டரம்மா சாத்தான்குளமாம்."

"யாரு சொன்னா?"

"அவளேதான். ஆப்பரேசனுக்கு முந்தின நாளு வந்தால்லா? மதினி, புன்னைக்காயல்ல சூசை மாமா சொகமான்னு கேட்டேன். எந்த சூசைங்கா. காத்து உள்ள போகாதுல்லான்னு கேட்டேன். போகலாம், பெரும்பாலும் போகாது, போனா இப்படி இப்படிச் செய்வோம்னு எல்லாத்தையும் சொல்லிட்டா. ஒங்க மச்சானுக்கும் இதத்தான சொன்னேன்னா."

"முந்தின நாளே தெரியுமா?" என்றார் வில்பிரட். "தெரிஞ்ச பொறவு ஏம்லே போயிப் படுத்த?"

பெனிஸ்டன் மூச்சு வாங்கிக்கொண்டான். பேசினால் தையல் இழுத்தது.

"ஸ்கேன்ல கட்டின்னு சொன்னப்போ எனக்குப் பெருசாப் பயமில்ல. புத்துன்னு டாக்டர் சொன்னப்பவும் நம்பல. வலியே இல்லையே, என்னத்தையோ சொல்லுதானுவன்னு நெனைச்சேன். நீரு பொய் சொல்லிருக்கீருன்னு தெரிஞ்சப்பத்தான் மச்சான் பயந்தேன். இத்தன வருசத்துல எறங்குலேன்னு நீரு என்னய ஒருநாளும் தள்ளினதில்ல. கொஞ்சம் சந்தேகம்னாலும் இழுத்துப் போட்டுருவீரு. அப்படிப்பட்ட ஆளு பொய் சொல்லி என்னய எறக்கப் பாக்காருன்னா, மேலயே நின்னா நான் கண்டிப்பாச் செத்துருவேன்னுதான அர்த்தம்?"

வில்பிரட்டுக்கு அழுகைதான் வந்தது. வார்டில் ஆள் இருக்கிறது என்ற வெட்கம்கூட இல்லாமல் வாய்விட்டு அழுதார்.

"காத்து உள்ள போயிட்டுன்னு அந்தப் பிள்ள வந்து சொன்னப்போ, ஒன்னய நான் கொன்னுட்டேன்னு நெனைச்சேம்லே."

"நீரு எங்க கொன்னீரு?" என்றான் பெனிஸ்டன். "எல்லாந் தெரிஞ்சு நானாத்தான் எறங்குனேன்."